பழைய அலுமினியப் படகு ஒழுகினால் முதலில் தேட வேண்டியது ஓட்டையை, பசையை அல்ல

தோட்டத்து லயத்து வீடுகளில் தகரக் கூரை ஒழுகும்போது பெரியவர்கள் சொல்வது உண்டு: தண்ணீர் சொட்டும் இடத்தில் ஓட்டை இருக்காது. ஆணி அடித்த இடத்தில் புகுந்து, தகரத்தின் பள்ளம் வழியே ஓடி, வேறு எங்கோ வந்து சொட்டும். பழைய அலுமினியப் படகும் அப்படித்தான். அடியில் தண்ணீர் தேங்கும் இடம் ஒன்று, அது உள்ளே வரும் இடம் இன்னொன்று.

கேமரன் மலையில் தூண்டில் பிரியர்களுக்குக் குறைவில்லை. ஆனால் 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் ரிங்லெட் ஏரியில் மலைச்சரிவுகளின் மண் வந்து சேர்ந்து ஆழம் குறைந்துகொண்டே போகிறது. படகு இறக்கி மீன் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் பேராக்கின் தெமெங்கோர், செண்டெரோ ஏரிகளைத்தான் நினைப்பார்கள். வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையில் டிரெய்லரில் குலுங்கிப் போகும்போதே படகின் ரிவிட்டுகள் கொஞ்சம் தளர்கின்றன. தெமெங்கோரில் நீருக்குள் நிற்கும் பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் மீதி வேலையைச் செய்கின்றன.

ரிவிட் அடித்த அலுமினியப் படகு விமானத் தொழிலிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945இல், அமெரிக்காவின் குரும்மன் விமான நிறுவனம் அதே தகடுகளையும் ரிவிட் முறையையும் கொண்டு சிறு படகுகள் செய்யத் தொடங்கியது. தகடு பல ஆண்டுகள் உழைக்கும். தளர்வது பெரும்பாலும் அதை இணைத்த ரிவிட்தான்.

வேலையைத் தொடங்கும் முன் பின்பக்க வடிகால் அடைப்பானைப் பாருங்கள். அதன் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால், படகு முழுக்கப் பசை பூசினாலும் தண்ணீர் வரத்தான் செய்யும். சிறு செலவில் முடிகிற வேலைக்குப் பல நாள் பாடுபட்டவர்கள் உண்டு.

அடைப்பான் சரியாக இருந்தால் அடுத்த சோதனை தலைகீழானது. படகைக் கரையில் வைத்து உள்ளே தண்ணீர் ஊற்ற வேண்டும். வெளியே எங்கு கசிகிறதோ அதுதான் ஓட்டை. அடியில் பலகைகளை நெருக்கமாக முட்டுக் கொடுப்பது அவசியம். 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஊற்றினாலே ஏறத்தாழ 300 கிலோ எடை. கசியும் இடங்களைப் பிள்ளைகளின் மெழுகு வண்ணக்குச்சியால் குறியுங்கள். சாதாரண பென்சில் வேண்டாம். அதிலுள்ள கிராஃபைட் ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கும்.

தளர்ந்த ரிவிட்டை இறுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே ரிவிட் தலையில் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளே அதன் வாலைச் சுத்தியலால் அளவாகத் தட்ட வேண்டும். துளை பெரிதாகிப்போயிருந்தால் பழையதைத் துளைத்தெடுத்து ஒரு அளவு பெரிய அலுமினிய ரிவிட் போடலாம். இருக்கைக்கு அடியில் கை எட்டாத இடத்தில், முனை மூடிய பாப் ரிவிட்டைப் பசையில் தோய்த்துச் செருக வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண பாப் ரிவிட்டின் நடுவே துளை உண்டு. அது தானே ஒழுகும்.

இரும்பு, செம்பு, பித்தளை எதையும் அங்கே பயன்படுத்தக் கூடாது. இரண்டு வகை உலோகம் ஈரத்தில் ஒட்டியிருந்தால், பலவீனமான அலுமினியம்தான் கரையும். அடியில் தவறி விழுந்து கிடக்கும் ஈயக் குண்டும் சில்லறைக் காசும்கூட நாளடைவில் அதன் கீழே குழி பறித்துவிடும்.

விரிசலுக்கு வேறு முறை. அதன் இரு முனைகளிலும் சுமார் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் மேலும் நீளாது. பிறகு மேலே அலுமினியத் தகடு வைத்து, இடையில் படகுக்கான பாலியூரித்தேன் பசை தடவி ரிவிட் அடிக்கலாம். ஊசிமுனை ஓட்டைகள் நிறைய இருந்தால், உள்பக்கத்தைத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பித் தூரிகையால் தேய்த்து உடனே எபாக்சி பூச வேண்டும். தாமதித்தால் ஆக்சைடு படலம் மறுபடி உருவாகிப் பிடிமானம் குறையும். இரவில் 15 டிகிரி அளவுக்குக் குளிரும் மலையில் எபாக்சி இறுக, ஈப்போவைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். அவசரப்பட வேண்டாம்.

பலர் முதலில் கை வைப்பது குளியலறை சிலிகோனில்தான். புளிக்காடி வாசனை அடிக்கும் வகை உலோகத்தை அரிக்கும். எந்த வகையானாலும், ஒரு தடவை பூசிவிட்டால் பிறகு அந்த இடத்தில் பெயிண்டும் ஒட்டாது, நல்ல பசையும் ஒட்டாது.

வெல்டிங்? அலுமினியம் 660 டிகிரியில் உருகும், மேலிருக்கும் ஆக்சைடு படலமோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதனால் பழைய மெல்லிய தகட்டில் பழக்கமில்லாத கை பட்டால் சிறிய ஓட்டை பெரிய ஓட்டையாகிவிடும். சூடு பக்கத்து ரிவிட்டுகளையும் தளர்த்தும். இருக்கைக்குள் உள்ள நுரைப் பஞ்சு தீப்பிடித்து நச்சுப் புகை கக்கும். அனுபவமுள்ள ஆர்கான் வெல்டரிடம், பஞ்சை எடுத்த பிறகே கொடுக்க வேண்டும்.

அந்தப் பஞ்சையும் ஒரு கண் பாருங்கள். படகு கவிழ்ந்தால் அதை மிதக்க வைப்பது அதுதான். ஆண்டுக்கணக்கில் நீர் உறிஞ்சி ஊறிப்போயிருந்தால் மாற்றிவிடுங்கள். பசை முழுவதும் இறுகியபின் மறுபடி தண்ணீர் ஊற்றிச் சோதித்து, முதல் தடவை கரையோரமாகவே, எல்லாரும் உயிர்காப்பு அங்கி அணிந்து, தண்ணீர் அள்ளி ஊற்ற ஒரு வாளியோடு ஓட்டிப் பாருங்கள்.