சர்க்கரை வியாதிக்குக் கருப்பட்டி கொடுக்கலாமா?

"எனக்குச் சுகர் இருக்கு, சீனி வேண்டாம், அரைக் கிலோ கருப்பட்டி போடுங்க" என்று வாடிக்கையாளர் கேட்டால், "தாராளமா சாப்பிடுங்க, ஒண்ணும் செய்யாது" என்று சொல்லி நிறுத்துப் போடாத மளிகைக் கடைக்காரர் நம்மில் யார்? சரக்கு நல்ல சரக்குதான். சொன்ன சொல்தான் சரியில்லை.

கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, சீனி எல்லாவற்றிலும் பெரும்பங்கு சுக்ரோஸ் என்ற ஒரே பொருள்தான். குடலில் அது உடைந்து, பாதி குளுக்கோஸாகவும் பாதி ஃபிரக்டோஸாகவும் இரத்தத்தில் சேர்கிறது. அரிசி, ரவை, அவலில் உள்ள மாவுச்சத்தோ முழுவதும் குளுக்கோஸாகவே மாறுகிறது.

உடம்பு இதை வைத்திருப்பது வியாபாரிக்குப் புரியும் கணக்குத்தான். கல்லாவில், அதாவது இரத்தம் முழுவதிலும், இருப்பு ஏறக்குறைய 5 கிராம்; ஒரு தேக்கரண்டி! மிச்சம் கிடங்குக்குப் போகிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். அதற்கும் மிஞ்சினால் கொழுப்பு. மூளை மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் கேட்கும். இரவில் நாம் தூங்கும்போது கல்லீரல்தான் அதற்கு அளந்து கொடுக்கிறது.

தசைக் கிடங்கின் சாவி, கணையம் சுரக்கும் இன்சுலின். 1921-இல் கனடாவின் டொரன்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் அதைப் பிரித்தெடுக்கும் வேலையைத் தொடங்கினார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சாவி குறைந்தாலோ பூட்டு துருப்பிடித்தாலோ சரக்கு வாசலிலேயே தேங்கிவிடும். வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் காட்டினால் நீரிழிவு என்பது இதைத்தான்.

ஆனால் தசை உழைக்கும்போது இன்சுலின் இல்லாமலே கதவு திறக்கும். மூட்டை தூக்குபவருக்கு இது தானாக நடக்கிறது. காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்காரும் முதலாளிக்கு நடப்பதில்லை. (அவருக்குத்தான் மணிக்கொரு டீ வேறு!) சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் கடைவீதியில் நடந்து வந்தாலே சர்க்கரை ஏறுவது குறையும்.

இன்னொன்று. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, "லோடு இறக்கிவிட்டுச் சாப்பிடலாம்" என்று மூன்று மணிவரை தள்ளிப்போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இன்சுலின் ஊசியும் சில மாத்திரைகளும் அந்த நேரத்தில் சர்க்கரையை 70-க்குக் கீழே இறக்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். உடனே குளுக்கோஸ் பவுடர் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி நிறைய, தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுக்கலாம். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போக வேண்டும்.

அந்தப் பாக்கெட் நம் கடை அலமாரியிலேயே இருக்கிறது. எந்தத் தட்டில் என்று கடைப் பையன்களுக்கு இன்றே காட்டி வைப்போம்.