பலகையின் அடியில் ஒரு பெயர்

டோக்கியோ நகரில் 2021-ஆம் ஆண்டு நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளில் ஸ்கேட்போர்டு விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. பெண்களுக்கான தெருப் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானியச் சிறுமி மோமிஜி நிஷியாவுக்கு வயது 13. வெள்ளி வென்ற பிரேசில் நாட்டு ரைசா லியாலுக்கும் அதே வயதுதான். நம் வீட்டுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக் கணக்கோடு மல்லுக்கட்டும் பருவம்! இக்காட்சியைத் தொலைக்காட்சியில் கண்ட பிள்ளை, "இதையே என் தொழிலாகக் கொள்ளலாமா?" என்று கேட்பின், பெற்றோர் யாது விடை பகர்வர்? "கூடாது" என்று அதட்டுதல் எளிது. "உன் விருப்பம்" என்று கைகழுவி விடுதல் அதனினும் எளிது. அத்தொழிலில் சோறு எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்த பின் பேசுவதன்றோ முறை?

நான்கு சிறு சக்கரங்கள் பூட்டிய மரப்பலகை. அதன்மேல் நின்றவாறே ஓடுவதும், தாவுவதும், படிக்கட்டுகளைக் கடந்து குதிப்பதும் இவ்விளையாட்டு. 1950-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையில், அலைகளின்மேல் சறுக்கி விளையாடியோர் தரையிலும் அவ்வின்பத்தைத் தேடியபோது இது பிறந்தது. இன்றும் இவ்வணிகத்தின் தலைவாசல் கலிபோர்னியாவே. டோக்கியோவில் பிறந்து, 2021-லும் 2024-லும் ஒலிம்பிக் தங்கம் வென்ற யூட்டோ ஹொரிகோமேகூட இளமையிலேயே வீட்டைவிட்டு அங்குக் குடியேற வேண்டியிருந்தது.

ஒருவர் தொழில்முறை வீரர் ஆவது எவ்வாறு? மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் உள்ளதுபோல் தேர்வோ பட்டமோ இங்கு இல்லை. பலகை செய்யும் நிறுவனம் ஒன்று, ஒருவருடைய பெயரைத் தன் பலகையின் அடிப்புறத்தில் அச்சிட்டு விற்கத் தொடங்கும் நாளில் அவர் தொழில்முறை வீரர் ஆகிறார். அதற்கு முன் பல ஆண்டுகள் இலவசப் பலகைகளும் காலணிகளும் மட்டுமே கிடைக்கும். அவற்றைக் கொண்டு வீட்டு வாடகை கொடுத்தல் இயலாது. பெயர் அச்சான பின்னரும், விற்கும் பலகை ஒன்றுக்கு ஓரிரு டாலர் பங்குத்தொகை என்பதே பழைய வழக்கம். காலணி நிறுவனமோ பான நிறுவனமோ மாதந்தோறும் பணம் தர முன்வந்தால்தான் குடும்பம் நடத்த வழி பிறக்கும். ஆக, இவர் குதிப்பதற்குக் கூலி பெறுபவர் அல்லர். குதிப்பதன் வாயிலாகப் பிறர் பொருளை விற்பதற்குக் கூலி பெறுபவர். அப்பொருள் விற்காதபோது, இவர் எவ்வளவு திறம்படக் குதித்தாலும் பயனில்லை.

டோனி ஹாக் என்பாரின் வரலாறு இதற்குச் சான்று. 1968-இல் பிறந்த இவர், தம் 14-ஆம் வயதில், 1982-இல் தொழில்முறை வீரரானார். அவர் பெற்ற முதல் பங்குத்தொகைக் காசோலையின் மதிப்பு வெறும் 85 சென்ட்! ஆயினும் சில ஆண்டுகளுக்குள் பணம் பெருகிற்று. பள்ளிப்படிப்பு முடியுமுன்பே சொந்த வீடு வாங்கினார். 1990-களின் தொடக்கத்தில் காற்று திசைமாறியது. அவர் வல்லவராக விளங்கிய, பெரிய சரிவுமேடைகளில் ஏறியிறங்கும் பிரிவை இளைஞர் கைவிட்டுத் தெரு விளையாட்டின்பால் சாய்ந்தனர். அவர் திறமை ஓர் இம்மியும் குறையவில்லை. வருமானம் மட்டும் வற்றிப்போயிற்று. மனைவி நாள்தோறும் அளந்து கொடுத்த 5 டாலரில் அவர் உண்டு வாழ்ந்த காலமும் உண்டு. வீட்டை ஈடாக வைத்து 1992-இல் தாமே ஒரு பலகை நிறுவனம் தொடங்கினார். 1999 ஜூன் மாதத்தில், வானில் இரண்டரைச் சுற்றுச் சுழன்று இறங்கும் அரிய வித்தையை முதன்முதலாகப் போட்டி மேடையில் நிகழ்த்தினார். அவ்வாண்டில் அவர் பெயரால் வெளிவந்த கணினி விளையாட்டே பெருஞ்செல்வத்தை ஈட்டித் தந்தது. அத்தகைய அதிர்ஷ்டம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அவருக்கு ஈடாகப் போற்றப்பட்ட கிறிஸ்டியன் ஹொசோய்க்கு அது வாய்க்கவில்லை. புகழும் பணமும் வடிந்த பின் போதைப்பொருளின் பிடியில் வீழ்ந்தார். 2000-இல் ஹொனலூலு விமான நிலையத்தில் கைதாகி, 2004 வரை சிறையிலிருந்தார். சிறையில் விவிலியத்தை வாசிக்கத் தொடங்கி, பின்னாளில் போதகரும் ஆனார்.

உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு திரைப்படத்துண்டில் சில விநாடிகளே தோன்றும் ஒரு குதிப்புக்காக, அதே சிமெண்டுப் படிகளில் பன்முறை விழுந்தெழுகின்றனர். காவலாளி துரத்தும்போது ஓடவும் நேரிடுகிறது. தெருவில் படமெடுப்போர் பலர் தலைக்கவசம் அணிவதில்லை. இவ்வழக்கத்தை வீரம் என்று கொண்டாடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. கணுக்காலும் மணிக்கட்டும் முறிவது அவர்களிடையே அன்றாடச் செய்தி. டோனி ஹாக் தம் 53-ஆம் வயதில், 2022-இல், தொடை எலும்பு முறிந்து படுத்தார். வீரர்களை நிறுவனங்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரராகவே வைத்துக்கொள்வதால், காப்பீடும் ஓய்வூதியமும் அவரவர் பாடு.

இங்கு இரு தந்தையரைப் பற்றிக் கூறுதல் தகும். டோனியின் தந்தை ஃபிராங்க் ஹாக், மகனுக்காகப் போட்டிகள் வேண்டுமென்று தாமே சங்கம் அமைத்தார்; 1983-இல் தேசிய ஸ்கேட்போர்டு சங்கத்தையும் நிறுவினார். தந்தையே நடத்தும் போட்டியில் மகன் வெல்கிறான் என்ற முணுமுணுப்பு எழாமல் இருக்குமா? அன்பு மிகுந்தாலும் பிள்ளையின் தலையில் அது ஒரு சுமைதான். மற்றவர் புளோரிடாவில் பல் மருத்துவராக இருந்தவர். ராட்னி மல்லனின் தந்தை. 1977 புத்தாண்டு நாளில், பத்து வயது மகனுக்கு நிபந்தனையோடு இசைவளித்தார்: எந்நேரமும் காப்புறை அணிய வேண்டும், முதன்முறை பலத்த காயம் நேர்ந்தவுடன் பலகையை விட்டுவிட வேண்டும். அம்மகனோ வீட்டுக் கொட்டகையில் தனித்துப் பயின்று, இன்று தெரு வீரர்கள் அனைவரும் கையாளும் அடிப்படைத் தாவல்கள் பலவற்றைக் கண்டுபிடித்தான். பல்கலைக்கழகத்தில் பொறியியலும் பயின்றான். தான் வல்லவனாயிருந்த பிரிவு மறைந்தபோது, பலகை நிறுவனம் ஒன்றில் பங்குதாரனாகிப் பிழைத்துக்கொண்டான்.

பெயர் அச்சாகாத ஆயிரமாயிரம் இளைஞர் என்னவாகின்றனர்? சிலர் ஒளிப்பதிவாளர், சிலர் கடைக்காரர். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 1990-இல், பர்ன்சைடு பாலத்தின் கீழ்ப் பாழாய்க் கிடந்த இடத்தில், எவரிடமும் அனுமதி பெறாமலே சில இளைஞர் தம் கையால் கான்கிரீட் குழைத்து ஆடுகளம் கட்டினர். நகராட்சியும் பின்னர் அதை ஏற்றுக்கொண்டது. அன்று அங்குக் கரண்டி பிடித்தவர்களுள் சிலர், இன்று பல ஊர்களில் இத்தகைய பூங்காக்கள் கட்டிக்கொடுக்கும் நிறுவனங்களை நடத்துகின்றனர்.