பழங்காசும் இணைய விலையும்

முப்பது வருஷப் பழக்கமுள்ள லேக் மார்க்கெட் அம்மா ஒருவர், சென்ற பூஜை விடுமுறையில் வெற்றிலைப் பெட்டி ஒன்றோடு என் கடைக்கு வந்தார். உள்ளே முப்பத்தொரு காசுகள். “நயினார், பேத்தி கம்ப்யூட்டரில் பார்த்தா. இந்த 1862 ரூபாய் ஒண்ணே ஒன்றரை லட்சமாம். இதை வித்து அவ காலேஜ் ஃபீஸைக் கட்டிடலாமா?” என்று கேட்டார்.

அவருக்குச் சொன்ன பதிலையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். நான் நாணயவியல் முறையாகப் படித்தவன் அல்லன். பாத்திர வியாபாரத்தில் பழைய பித்தளையோடு வந்து சேரும் காசுகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன்.

முதலில், பட்டியல் விலை என்றால் என்ன? அமெரிக்காவில் கிராஸ், மிஷ்லர் என்ற இருவர் தொகுத்து 1972 முதல் வெளிவந்த உலக நாணயப் பட்டியலே பல பட்டியல்களுக்கு மூலம். இணையத்தில் காசுக்குப் பக்கத்தில் ‘கே.எம்.’ என்று ஓர் எண் இருக்கிறதே, அது அவர்கள் இருவரின் பெயரெழுத்துதான். அதில் கண்ட விலை, கடைக்காரர் ஒரு சேகரிப்பாளருக்கு விற்கும் விலை. நம்மிடம் வாங்கும் விலை அன்று. புதுக் குடம் வாங்குகிற விலையும், அதே குடத்தைப் பழசாக எடைக்குப் போட்டால் வருகிற விலையும் ஒன்றாகுமா?

அபூர்வமான காசுக்காவது ஏலக் கணக்கு இருக்கிறது. டோடிவாலா, மருதர் ஆர்ட்ஸ் போன்றோர் விற்ற விலையை வெளியிடுகிறார்கள். சாதாரணக் காசு கைமாறுவதை யார் எழுதி வைக்கிறார்கள்? அதன் பட்டியல் விலையில் பெரும்பகுதி, கடைக்காரர் அதை எடுத்து, பார்த்து, உறையிலிட்டு அனுப்பும் கூலிதான். ஆகவே காசு எவ்வளவு சாதாரணமோ, பட்டியல் அவ்வளவு தூரம் நம்மை ஏமாற்றும். விற்பனைப் பக்கங்களில் ஒருவர் கேட்கும் விலை இதைவிட மோசம். லட்சம் கேட்க யாருக்கும் காசு செலவில்லை.

இனி அந்த 1862. கம்பெனி ஆட்சி போய், அரசியின் பெயரால் வந்த முதல் ரூபாய் அது. ஆனால் அந்த ஆண்டெண்ணையே மாற்றாமல் தொடர்ந்து அடித்து வந்தார்கள். 1874ல்தான் எண் மாறியது. அப்படியானால் எத்தனை ரூபாய் இருக்கும், பாருங்கள்! பம்பாய் நாணயச்சாலையில் மட்டும் அடித்த ஆண்டைக் காட்டச் சிறு புள்ளிகள் வைத்தார்கள். அவற்றில் சில வகைகள் அருமையானவை. பேத்தி பார்த்த விலை அப்படி ஒரு புள்ளி வகைக்கு, அதுவும் கை படாத புத்தம்புதுக் காசுக்கு உரியது. அம்மாவுடையதில் அரசியின் கன்னம் தேய்ந்திருந்தது. போதாக்குறைக்குப் புளி போட்டு விளக்கியிருந்தார்! பழங்காசை விளக்கவே கூடாது, சேகரிப்பாளர் தொடமாட்டார்.

தேய்ந்த வெள்ளிக் காசுக்கு நம்பகமான விலைப் பட்டியல் தராசுதான். 1835ஆம் ஆண்டுச் சட்டப்படி ரூபாய் 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, ஆக 10.69 கிராம். (அன்று கல்கத்தா நாணயச்சாலையில் உலோகச் சோதனை அதிகாரி, நம் பிரின்செப் காட்டின் பெயருக்குரிய ஜேம்ஸ் பிரின்செப். பிராமி எழுத்தைப் படித்துக் காட்டியவரும் அவரே.) 1940 முதல் ரூபாயில் பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். 1947ல் வெறும் நிக்கல். எல்லாம் ‘ராஜா தலை ரூபாய்’ என்று ஒரே பையில் கட்டி வைத்திருப்போம். 2025ல் வெள்ளி ஏறிய ஏற்றத்தில் பழைய பட்டியல் விலைகள் உலோக மதிப்புக்கே கீழே போய்விட்டன என்பது வேறு வேடிக்கை.

பெட்டியில் புதுக்கோட்டை அம்மன் காசுகளும் இருந்தன. ஒருபுறம் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கில் ‘விஜய’. பிற்காலத்தில் பர்மிங்ஹாமிலிருந்தே அடித்து வரவழைத்த செப்புக்காசு, ஏராளம் கிடைக்கும். 1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகம் உள்ள ‘அணா’ ஒன்றும் இருந்தது. கம்பெனி அப்படி ஓர் அணாவை அடித்ததே இல்லை. பிற்காலத்துக் கோயில் வில்லை. ஆண்டுக்குக் கீழே குறியே இல்லாத புதுக்காசு ஒன்றையும் அபூர்வம் என்று பேத்தி தனியே கட்டியிருந்தாள். பம்பாய்க்கு வைரக்குறி, ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. குறி இல்லையென்றால் அது நம் அலிப்பூரில் அடித்தது, அவ்வளவுதான்!

இதைவிட வருத்தம், 1862ஐ வாங்கிக்கொள்வதாகப் போனில் பேசிய ஒருவருக்குப் ‘பதிவுக் கட்டணம்’ என்று 2,600 ரூபாய் அனுப்பியிருந்தார்கள். பழைய காசு, நோட்டு விற்பனைக்கு இப்படித் தன் பெயரில் கட்டணமும் வரியும் கேட்டால் நம்பாதீர்கள், தான் இதில் ஈடுபடுவதே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டு 4ஆம் தேதியே அறிவித்திருக்கிறது.

நியூமிஸ்டா போன்ற பக்கங்களை ஒதுக்கச் சொல்லவில்லை. கையிலிருப்பது என்ன காசு, எந்த உலோகம், எத்தனை எடை என்று அறிய அவை அருமையானவை. விலைக்கு, விற்று முடிந்த ஏலக் கணக்கைப் பாருங்கள். அதிலும் ஏலக்காரர் கமிஷனைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நிறுத்துப் பார்த்தோம். முழு வெள்ளி ரூபாய் ஐந்து, பாதி வெள்ளி ஆறு. மொத்த வெள்ளி 88 கிராம் சொச்சம். ஒரு செமஸ்டர் ஃபீஸில் பாதிகூடத் தேறாது. அம்மா ஒன்றும் பேசாமல் பெட்டியை மூடினார். நாலு நாள் கழித்துப் பேத்தியே வந்து, பாதி வெள்ளி ஆறையும் அன்றைய உலோக விலைக்குப் போட்டுவிட்டுப் போனாள். 1862ஐயும் அம்மன் காசுகளையும் பாட்டி தரவில்லையாம்.