சர்க்கரை எழுதப்படாத இறப்புகள்

மருத்துவமனையில் ஒருவர் இறந்தால் மருத்துவர் நிரப்பித் தரும் படிவம் 4-இல், இறப்புக்கான காரணம் இரண்டு பகுதிகளாக எழுதப்படும். உயிரைப் பறித்த நோயும் அதற்கு வித்திட்டவையும் முதல் பகுதியில், கூட இருந்து நிலைமையை மோசமாக்கிய நோய்கள் இரண்டாம் பகுதியில். மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, நிமோனியா, காசநோய் என்று முதல் பகுதி நிரம்பிவிடும். பல வருடம் உடம்பிலிருந்த சர்க்கரை நோய் இரண்டாம் பகுதிக்குப் போகும். சில நேரம் எழுதப்படாமலே விடுபடும். வீட்டிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறோம்: “ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு. சுகர் இருந்துச்சு, அது பாட்டுக்கு இருந்துச்சு.”

அது பாட்டுக்கு இருப்பதில்லை. சென்னையில் தியாகராய நகரிலும் திருமங்கலத்திலும் இரண்டு குடியிருப்புகளின் மக்களை டாக்டர் வி. மோகன் குழுவினர் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 5.3 பேர் இறந்தார்கள். இருந்தவர்களில் 18.9 பேர். இறந்த சர்க்கரை நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இதய, ரத்தக்குழாய் நோய்களாலும், ஏறக்குறைய கால்வாசிப் பேர் சிறுநீரக நோயாலும் போனார்கள்.

இதயமும் சிறுநீரகமும் பலரும் அறிந்தவை. ஆபத்து அவற்றோடு நிற்பதில்லை. 2011-இல் வெளியான உலகளாவிய தொகுப்பாய்வு ஒன்று 97 ஆய்வுகளிலிருந்து 8,20,900 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. ஐம்பது வயதில் சர்க்கரை நோய் உள்ளவர், இல்லாதவரைவிடச் சராசரியாக ஆறு ஆண்டு முன்னதாக இறக்கிறார். அப்படி இழக்கும் காலத்தில் சுமார் 40 சதவீதம் இதயத்தோடும் ரத்தக்குழாயோடும் சம்பந்தமில்லாத நோய்களால்: கல்லீரல், கணையம், பெருங்குடல் புற்றுநோய்கள், நிமோனியா, பிற தொற்றுகள்.

தொற்று ஏன்? ரத்தத்தில் குளுக்கோஸ் நீண்ட நாள் கூடியிருந்தால், கிருமியைத் தேடிப்போய் விழுங்கும் வெள்ளையணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெடுவதால் காயம்பட்ட இடத்துக்கு ரத்தமே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. நரம்புகளும் மரத்துப்போகின்றன. காலில் முள் குத்தியது தெரியாது. மாரடைப்பின் நெஞ்சுவலிகூடச் சிலருக்குத் தெரியாமல் போகும். வெறும் மூச்சிரைப்பு, வாயுத் தொல்லை என்று நினைத்து மணிக்கணக்கைக் கடத்திவிடுவார்கள்.

நம் ஊரில் அதிகம் கவலைப்பட வேண்டியது காசநோய்தான் என்பது என் எண்ணம். சர்க்கரை நோய் உள்ளவருக்கு டிபி வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. வந்தால் சிகிச்சைக் காலத்திலேயே இறக்கும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. குணமானபின் திரும்ப வருவதும் அதிகம். சென்னை ராயபுரத்தில் உள்ள எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனையின் டாக்டர் விஜய் விஸ்வநாதன் குழுவினர், தமிழ்நாட்டில் அரசுத் திட்டத்தில் சிகிச்சை பெற்ற காசநோயாளிகள் 827 பேரைப் பரிசோதித்தார்கள். 25.3 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய், இன்னொரு 24.5 சதவீதத்தினருக்கு அதன் முந்தைய நிலை. வெளியான ஆண்டு 2012.

இந்த இரண்டு நோய்களும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. டிபியின் காய்ச்சலும் அழற்சியும் சர்க்கரையை ஏற்றுகின்றன. டிபிக்கு முக்கியமான ரிஃபாம்பிசின், கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிடுவதால் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் ரத்தத்திலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடுகின்றன. அதே மாத்திரையை அதே அளவில் விடாமல் சாப்பிடுகிறவருக்கும் சர்க்கரை எகிறும். டிபி மாத்திரை கொடுப்பவரும் சுகர் மாத்திரை கொடுப்பவரும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் நடுவில் மாட்டிக்கொள்வது நோயாளிதான். காசநோய் கண்டவர் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2017-இல் மத்திய அரசு வகுத்த நெறிமுறை சொல்கிறது. முதல் நாள் ஒருமுறை பார்த்ததோடு நில்லாமல், சிகிச்சை முடியும்வரை திரும்பத் திரும்பப் பார்ப்பதும் நடக்க வேண்டும்.

சர்க்கரை நோயால் வரும் இறப்பு ஆபத்தைக் குறைக்க முடியும். டென்மார்க்கின் ஸ்டெனோ மையத்தில் 1993-இல் தொடங்கிய ஆய்வில் 160 சர்க்கரை நோயாளிகள்தான். பாதிப் பேருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, உணவு, உடற்பயிற்சி, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்துக் கவனித்தார்கள். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள்தான் அந்தத் தனிக்கவனிப்பு. இருபத்தொரு ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது அவர்கள் மற்றப் பாதியைவிட 7.9 ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. அந்த மாத்திரையோடு வருகிறவர், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா, காலில் புண் இருக்கிறதா என்றும் கேட்டுவிட்டுப் போகட்டும்.