இரு சக்கர வழிகள் – 11: தரைக்கல் பிறந்த ஊருக்கு

ஐதராபாத்தின் பழைய வீடுகளுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தால், முதலில் பேசுவது கால்தான். சில்லென்று இருக்கும். சாம்பல் கலந்த நீலத்தில், ஓரம் சற்றே கோணலாக வெட்டிய சதுரக் கற்கள். மளிகைக் கடை வாசலிலும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலும் ரயில் நிலைய நடைமேடையிலும் அதே கல். சிலர் ஷாபாத் கல் என்பார்கள், சிலர் தாண்டூர் கல் என்பார்கள். இரண்டும் ஒரே ரயில் பாதையில் உள்ள ஊர்கள். 1874-இல் வாடியிலிருந்து நிஜாமின் ரயில் நகரத்துக்குள் வந்தது தாண்டூர் வழியாகத்தான்.

வேடிக்கை என்னவென்றால், ஐதராபாத்தே பாறை மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். கோல்கொண்டா கோட்டையும் பாறை, துர்கம் செருவு ஏரியைச் சுற்றியும் பாறை. ஆனால் அது கிரானைட். ஏறத்தாழ 250 கோடி வயதான கெட்டிப் பாறை, வெடி வைத்தால்தான் அசையும். தாண்டூர் கல்லோ பழங்கடலின் அடியில் படிப்படியாகப் படிந்த சுண்ணாம்புக் கல். அப்பள அடுக்கைப் போலக் கிடக்கிறது, நெம்பினால் பலகை பலகையாக வரும். அதனால்தான் காலடியில் இருந்த கல்லை விட்டுவிட்டு, தரைக்கு மட்டும் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கல்லை வரவழைத்தார்கள்.

அந்தக் கல் வந்த வழியை, எதிர்த்திசையில், சைக்கிளில் போனால்?

ஐதராபாத்தில் தூரம் மிதிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. கச்சிபவுலி ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளும் அதில் கணிசம். ஐதராபாத் ராண்டோனர்ஸ் நடத்தும் 200, 300, 400, 600 கிலோமீட்டர் ஓட்டங்களில் கையில் ஓர் அட்டையோடு கிளம்பி, ஆங்காங்கே பதிவு செய்துகொண்டு, 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிப்பவர்கள் இவர்கள். தாண்டூர் வழிக்கு அந்தக் கடிகாரம் வேண்டாம். சுமார் 120 கிலோமீட்டர் தூரம். இரண்டு நாளாகப் பிரித்து, நடுவில் ஒரு காட்டில் தூங்கினால் போதும்.

நகரத்தை விட்டு வெளியேறும் இடத்தில் ஒரு ராஜபாட்டை இருக்கிறது. வெளிவட்டச் சாலையை ஒட்டி 2023 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதை. நாலரை மீட்டர் அகலம், மேலே கூரையாகச் சூரியத் தகடுகள், 16 மெகாவாட் மின்சாரம். ஒரு கிளை நானக்ராம்குடாவிலிருந்து போலீஸ் அகாடமி வரை, இன்னொன்று நார்சிங்கியிலிருந்து கொல்லூர் வரை. வெயில் படாமல், லாரி இடிக்காமல் மிதிக்கலாம். குறை சொல்ல மனம் வராது. ஆனால் போன வழியிலேயே திரும்பி வர வேண்டிய பாதை அது. உடற்பயிற்சிக்கு அது போதும், ஊர் பார்க்கக் கிளம்பியவருக்குப் போதாது.

கொல்லூர் என்ற பெயரைக் கேட்டதும் சிலருக்கு வைரம் ஞாபகம் வரும். அது வேறு கொல்லூர், கிருஷ்ணா நதிக்கரையில் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே போன பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, அறுபதாயிரம் பேர் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்ததாக எழுதிவைத்தார். அந்த ஊருக்கு அவர் போட்ட பெயர் ‘கனி’. தெலுங்கில் சுரங்கத்துக்குச் சொல்லும் சொல். கோகினூர் அங்கே கிடைத்தது என்பதுதான் பரவலான நம்பிக்கை. இன்று அந்தக் குழிகள் புலிச்சிந்தலா அணைத் தண்ணீருக்கு அடியில். ஆக, கோல்கொண்டா வைரத்தைத் தேடிச் சைக்கிளில் போக வழியில்லை. தரைக்கல்லைத் தேடிப் போகலாம்.

போலீஸ் அகாடமியைத் தாண்டி மொய்னாபாத், செவெள்ளா. இரு பக்கமும் ஆலமரங்கள். மன்னெகூடா வரையிலான 46 கிலோமீட்டரில் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. காலை ஏழு மணிக்கு வெயில் ஏறத் தொடங்கும்போதும் தார்ச்சாலை மேல் நிழல் படிந்திருக்கும். விழுதுகள் சாலைக்கு மேலே வெட்டி விடப்பட்ட இடத்தில் மொட்டையாகத் தொங்கும். பழம் உதிரும் நாட்களில் டயருக்கடியில் நசநசவென்று இருக்கும், வளைவில் பிரேக் பிடித்தால் சறுக்கும்.

இந்த மரங்களுக்காக ஒரு சண்டையே நடந்தது. சாலையை அகலப்படுத்த மரம் வெட்ட வேண்டும் என்றது ஒரு பக்கம். கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது இன்னொரு பக்கம். சைக்கிள்காரரின் நிலைமை தர்மசங்கடம். நிழலுக்காக மரத்தின் பக்கம் நிற்பார், உயிருக்காகச் சாலையின் பக்கம் நிற்பார். இது குவாரி லாரிகளின் சாலையும் கூட. 2025 நவம்பர் 3 அன்று செவெள்ளா அருகே மிர்ஜாகுடாவில் ஜல்லி ஏற்றிய டிப்பரும் பயணிகள் பஸ்ஸும் மோதி, ஏறத்தாழ இருபது பேர் இறந்துபோனார்கள். பின்னால் டிப்பரின் சத்தம் கேட்டால் ஹேண்டில்பாரை ஒடித்து மண்ணில் இறங்கி நின்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம். வீரம் காட்டும் இடம் அல்ல இது.

மன்னெகூடாவைக் கடந்ததும் மண் நிறம் மாறுகிறது. கிரானைட் முடிந்து, ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்த தக்காணப் பாறை ஆரம்பம். தாழ்ந்த இடத்தில் கரிசல், மேட்டில் செம்புரைக் கல். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்குக் கரிசலைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு மழை பெய்தால் போதும்: மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் அப்பி, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். குச்சியால் நோண்டி எடுத்து, நாலு அடி தள்ளினால் மறுபடியும் அப்பும். மழைக்காலத்தில் வயல் வழிக் குறுக்குப்பாதையை நம்பியவர்கள் சைக்கிளைத் தோளில் சுமந்திருக்கிறார்கள்.

விகாராபாதிலிருந்து அனந்தகிரி ஏற்றம். நீலகிரி ஏறியவருக்கு இது ஏற்றமே இல்லை, மலை என்று சொன்னால் சிரிப்பார். ஆனாலும் சிவந்த மண்ணில் தேக்கும் புதரும் நெருங்கி நிற்கும் காடு. நிஜாம் காலத்துக் காசநோய் மருத்துவமனை ஒன்று இங்கே உண்டு. மருந்து வராத நாளில் நல்ல காற்றுதானே மருந்து! அனந்த பத்மநாப சுவாமி கோயிலுக்குக் கீழே, ஐதராபாத்தை இரண்டாகப் பிரிக்கும் மூசி ஆறு பிறக்கிறது. 1908 செப்டம்பரில் நகரத்தையே அடித்துக்கொண்டு போன அதே மூசி, இங்கே காலால் தாண்டும் ஓடை. இந்த மலையின் மறுசரிவில் பிறக்கும் காக்னா எதிர்த்திசையில் தாண்டூரைத் தொட்டுக்கொண்டு பீமாவுக்குப் போகிறது. கடைசியில் இரண்டு தண்ணீரும் கிருஷ்ணாவில்தான் சேர்கின்றன.

பக்கத்திலேயே பூடூர் மண்டலத்தில் தாமகுண்டம் காடு. மண்பாதையில் ஓட்டும் மலைச் சைக்கிள்காரர்களுக்கு இது வெகுநாள் செல்லக்காடு. 2024 அக்டோபர் 15 அன்று பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் இங்கே அடிக்கல் நாட்டினார். சுமார் 2,900 ஏக்கரில் கடற்படையின் வானொலி நிலையம், நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப. நாட்டில் இப்படிப்பட்ட முதல் நிலையம் திருநெல்வேலிச் சீமையில் இருக்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். கடலே இல்லாத விகாராபாத் மாவட்டத்தில் இரண்டாவது வருகிறது. தேசப் பாதுகாப்பு என்றதும் விவாதம் அடங்கிவிடுகிறது. மண்பாதைக்காரர்களுக்குக் காடு சுருங்கியது என்பது மட்டும் நிஜம்.

அனந்தகிரியைக் கடந்து, தாரூரிலிருந்து தாண்டூர் நோக்கிப் பெரும்பாலும் இறக்கம். துவரை வயல்கள் தொடங்குகின்றன. தாண்டூர்த் துவரைக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜூன், ஜூலையில் மட்டும் இந்த இறக்கத்தை நம்பக்கூடாது. மேல்காற்று முகத்தில் அறையும், இறக்கத்திலும் மிதித்தாக வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் அந்த மாதங்களில் வழியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்கள்: தாண்டூருக்கு ரயில், அங்கிருந்து காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குச் சைக்கிள்.

தாண்டூரில் முதலில் தெரிவது பாலீஷ் பட்டறைகள். கல்லைத் தேய்த்த தண்ணீர் வெளுத்த சேறாக வழிந்து, காய்ந்து, சாலையோரம் குவிந்திருக்கும். லாரி போனால் மாவு பறக்கும், கண்ணாடி இல்லாமல் ஓட்ட முடியாது. உடைந்த பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாத்தி வைத்து வேலியாக்கியிருக்கிறார்கள். மாட்டுக்கொட்டகைக்கும் அதே கல்.

குவாரியின் விளிம்பில் நின்றால் வெட்டுமுகம் தெரியும். மேலே இரண்டு மூன்று ஆள் உயரம் கரிசல், அதன் கீழே மஞ்சள் அடுக்கு, அடியில் நீலம். கடப்பாரையை இடுக்கில் விட்டு மெதுவாக அழுத்துகிறார்கள். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு ‘டப்’ என்று ஒரு சத்தம். ஆள் படுக்கும் அளவுக்குப் பலகை எழும்பி வருகிறது. அதன் முதுகில், பழங்கடலின் அடித்தரை இருந்தபடியே, பிசிறில்லாமல். கல் தீர்ந்த குழிகளை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வயலுக்குப் போகிறார்கள். மழைத் தண்ணீர் நிரம்பி அவை பச்சை நிறக் குளங்களாகின்றன. கரையில்லை, படியில்லை, நேர்குத்தாக இறங்கும் சுவர். அழகுதான், விழுந்தால் ஏறி வர முடியாது. “பஸ்ஸு லேதா சார்?” என்று குவாரிக்காரர்கள் சைக்கிள்காரரிடம் பரிதாபமாக விசாரிக்கும் இடமும் இதுதான்.

இதே மாதிரி மண்ணைத் தோண்டிப் பிழைத்த, காடும் உள்ள இன்னோர் இடம் பெல்ஜியத்தின் லிம்பர்க். அங்கே தோண்டியது நிலக்கரி. ஏழு சுரங்கங்களில் கடைசியாக ஸோல்டர் 1992-இல் மூடியது. வேலை போன மாகாணத்துக்கு 1995-இல் வழிகாட்டியவர் ஹியூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர். அவர் புதிதாகச் சாலை போடச் சொல்லவில்லை. இருக்கிற சின்னச் சாலைகள் சந்திக்கும் இடங்களுக்கு எண் கொடுத்தார், அடுத்தடுத்த எண்களுக்கு அம்புக்குறிப் பலகை வைத்தார். அவ்வளவுதான். காலையில் நாலைந்து எண்களைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு கிளம்பினால், வழி கேட்காமல் சுற்றிவிட்டு வரலாம். நெதர்லாந்தும் ஜெர்மனியும் அதைக் காப்பியடித்தன. ஜனம் வரத் தொடங்கிய பிறகுதான் ஆடம்பரம். 2016-இல் பொக்ரெய்க்கில் குளத்தைப் பிளந்து 212 மீட்டர் பாதை போட்டார்கள். ஓட்டுபவரின் கண்மட்டத்தில் இரு பக்கமும் தண்ணீர். 2019-இல் ஹெக்டெல்-எக்ஸெல் காட்டில், மரங்களின் நடுவே பத்து மீட்டர் உயரம் வரை வளைந்து ஏறும் 700 மீட்டர் பாதை.

ஐதராபாத் ஆடம்பரத்தை முதலில் செய்துவிட்டது. கூரை போட்ட 23 கிலோமீட்டர் இருக்கிறது. போலீஸ் அகாடமியிலிருந்து தாண்டூர் வரை எண் எழுதிய ஒரு பலகை இல்லை. மூன்று வகைப் பாறை, ஒரு காடு, இரண்டு ஆறுகளின் பிறப்பிடம், நூறாண்டுக்கும் மேல் ஒரு நகரத்துக்குத் தரை போட்ட குழிகள், எல்லாம் 120 கிலோமீட்டருக்குள். ஒரு சூரியத் தகட்டின் செலவில் எத்தனை பலகை நடலாம் என்று பொறியாளர்கள்தான் கணக்குச் சொல்ல வேண்டும். தண்ணீர் நின்ற குழிகளுக்கு வேலி போடுவது அதற்கும் முந்தின வேலை.

திரும்புவதற்கு ரயில். சைக்கிளுக்கு லக்கேஜ் ரசீது போட்டு, ஊர்ப்பெயர் எழுதிய அட்டையைக் கட்டி, பிரேக் வேனில் ஏற்ற வேண்டும். இரண்டு நிமிடமே நிற்கும் வண்டியில் இது நடக்காது. பார்சல் குமாஸ்தாவே வேறு வண்டி சொல்வார். காத்திருக்கும் நேரத்தில் ஷூவைக் கழற்றி, வெந்த பாதத்தை நடைமேடைக் கல்லில் வைத்தால், சில்லென்று இருக்கும்.

(தொடரும்)