உங்களுக்குத் தெரியுமா? நிற்கும் கார்களே சைக்கிளுக்குக் காவல்!

நெரிசலான சாலையில் சைக்கிளுக்கு இடம் விட்டால் எல்லாருக்கும் நன்மை என்பதை நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் உள்ள ஒன்பதாவது அவென்யூ நிரூபித்தது. அங்கே மாற்றம் தொடங்கிய ஆண்டு 2007.

● நடைபாதை ஓரமாக நின்ற கார்களைச் சற்றுத் தள்ளி நிறுத்தச் செய்து, அந்த இடத்தில் சைக்கிள் பாதை போட்டார்கள். ஓடும் வண்டிகளுக்கும் சைக்கிளுக்கும் நடுவே நிற்கும் கார்களே தடுப்பாயின.

● கார்களுக்கும் சைக்கிள் பாதைக்கும் இடையே கோடு போட்ட இடைவெளி உண்டு. கார் கதவைச் சட்டென்று திறந்தாலும் சைக்கிளில் வருபவர் மீது இடிக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

● இந்த ஒருவழிச் சாலையில் சைக்கிள் பாதை இடது ஓரம். அதனால் இடது பக்கம் திரும்பும் வண்டிகளுக்குத் தனி சிக்னல். அவற்றுக்குப் பச்சை விழும்போது சைக்கிளுக்குச் சிவப்பு.

● சந்திப்புகளில் நடப்பவர்கள் நின்று செல்லத் திட்டுகள் கட்டினார்கள். முதியவர்களும் குழந்தைகளும் ஒரே மூச்சில் ஓடிக் கடக்க வேண்டியதில்லை.

● பலன்? இந்தச் சாலையில் காயமடைவோர் எண்ணிக்கை 58 சதவீதம் குறைந்தது என்று நகரப் போக்குவரத்துத் துறை 2012-இல் அறிவித்தது. 23 முதல் 31-ஆம் தெரு வரையிலான உள்ளூர்க் கடைகளில் விற்பனை 49 சதவீதம் வரை உயர்ந்தது. மன்ஹாட்டன் முழுவதற்கும் அந்த உயர்வு 3 சதவீதமே.

சைக்கிள் பாதை வந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று இனி யாராவது சொன்னால், இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள்!