டிரைவரின் லைசென்ஸ்: வண்டி வைத்திருக்கும் வணிகர் கவனத்திற்கு

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பகுதிக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுவரச் சிறிய வண்டி வைத்திருப்போர் நம்மில் பலர் உண்டு. இன்ஷூரன்ஸ் கட்டிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடுகிறோம். ஆனால் விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி டிரைவரின் லைசென்ஸைக் கேட்கும். அது செல்லாது என்றால், நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளக் கம்பெனிக்கு நீதிமன்றம் அனுமதி அளிக்கலாம். பல வருட உழைப்பில் சேர்த்த முதல் ஒரே வழக்கில் போய்விடும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மத்திய அரசின் சட்டம். லைசென்ஸ் வழங்குவதோ மாநில அரசின் ஆர்.டி.ஓ. அலுவலகம். சாதாரண இலகுரக வாகன லைசென்ஸில் சிறிய சரக்கு வண்டி ஓட்டலாமா என்ற குழப்பம், 1994ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் நெடுங்காலம் நீடித்தது. ஓட்டலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி நடக்குமாறு 2018இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் மீண்டும் வழக்காட, 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதே முடிவை உறுதி செய்தது.

இன்றைய நிலையில் நாம் பார்க்க வேண்டியவை:

1. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை, அதாவது வண்டியும் சரக்கும் சேர்ந்து, 7,500 கிலோவுக்குள் இருந்தால் இலகுரக லைசென்ஸ் போதும். அதற்கு மேற்பட்ட லாரிக்கும், எண்ணூர் சாலையில் ஓடும் கன்டெய்னர் டிரெய்லருக்கும் போக்குவரத்து வாகன லைசென்ஸ் வேண்டும்.

2. எரிவாயு, அமிலம் போன்ற அபாயகரமான சரக்கு ஏற்றினால், சிறிய வண்டியானாலும் தனிப் பயிற்சியும் லைசென்ஸில் அதற்கான பதிவும் தேவை.

3. லைசென்ஸ் காலாவதியான பின்னும் 30 நாள் செல்லும் என்ற பழைய சலுகை 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது.

4. லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் உரிமையாளருக்கும் தண்டனை உண்டு. 1,000 ரூபாய் வரை என்றிருந்த அபராதம் 2019 திருத்தத்தில் 5,000 ரூபாயானது.

உரிமையாளர் தக்க கவனம் எடுத்துக்கொண்டாரா என்பதே முக்கியம் என்று 2004இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ஆகவே, டிரைவரை வேலைக்கு வைக்கும்போதே அசல் லைசென்ஸை வாங்கிப் பார்ப்போம். ஜெராக்ஸ் ஒன்றைக் கடையில் வைப்போம். காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்வோம். நாளை வழக்கு என்று வந்தால் நமக்குக் கைகொடுப்பது இந்தக் கவனம்தான்.